டீ குடிச்ச கையோட பையைத் திறக்கட்டும்

வணக்கம் மேடம். திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறேனுங்க, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீடு வந்து சேர ஒம்போது ஆகிடும். பையன் எட்டாவது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா என் மாமியார் டீயும் பன்னும் குடுப்பாங்க, தின்னுட்டு போனை எடுத்தான்னா நான் வர்ற வரைக்கும் அதேதான். நான் வந்து ஹோம்வொர்க் எங்கடான்னு கேட்ட பொறவுதான் பையவே திறப்பான், பாதித் தூக்கத்துல கைடைப் பார்த்து கணக்கை அப்படியே எழுதி வெச்சிடறான், நான் கத்த அவன் அழ, தினமும் இதே கூத்துதானுங்க. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்கன்னு சுவத்துல சார்ட் ஒட்டி டிக் போட்டோம், நடுவுல ஊர் நோம்பி வந்துச்சு, விட்டுப்போச்சு, அதோட சரி. இன்னொண்ணு, நைட்டு சயின்ஸை கடகடன்னு ஒப்பிக்கறான், அடுத்த வாரம் டெஸ்ட்ல ஒண்ணுமே எழுதாம வர்றான். இவனுக்கு படிப்பு வராதாங்களா?

– ஒரு அம்மா, திருப்பூர்

அன்பு சகோதரி,

படிப்பு வராத பையன் நைட்டு கடகடன்னு ஒப்பிக்க மாட்டான், முதல்ல அந்த பயத்தை விடுங்க.

அந்த 21 நாள் கணக்கை யாரு கிளப்பி விட்டாங்களோ, நிறைய வீட்ல சண்டைதான் மிச்சம். லண்டன்ல லேலிங்கற ஆராய்ச்சியாளரோட குழு, ஒரு பழக்கம் வர எத்தனை நாள் ஆகும்னு பெரியவங்களை வெச்சு பார்த்து 2009ல வெளியிட்டாங்க, தினம் பழம் சாப்பிடறது, நடக்கறது மாதிரி சின்ன வேலைதான், அதுவே தானா வர சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை போகும்னு கணக்கு. நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா எதுவும் கெட்டுப்போகலை. அதனால நோம்பிக்கு விட்டா விட்டதுதான், மறுநாள் திட்டாம தொடங்கிடுங்க, சார்ட்டை கிழிச்சுடுங்க.

இப்ப ஹோம்வொர்க் உங்க வருகையோட ஒட்டிக்கிட்டிருக்கு. அதை டீயோட ஒட்ட வைங்க, ஏன்னா அந்த டீ தினமும் தவறாம நடக்குது. அவன் டம்ளரை கீழ வெச்சதும் உங்க மாமியார் "பையைத் திற கண்ணு"ன்னு மட்டும் சொல்லட்டும், அவங்களுக்கு எழுதப் படிக்க தெரியணும்னுகூட இல்லை, போன் மட்டும் அதுவரைக்கும் அவங்க கையில இருக்கணும். முதல் ரெண்டு வாரம் டைரி பார்த்து ரெண்டே ரெண்டு கணக்கு, கைடு பீரோக்குள்ள. தப்பா போட்டாலும் பரவால்ல, சொந்தமா போட்ட தப்பைப் பார்த்தாதான் எங்க புரியலைன்னு டீச்சருக்கு தெரியும். சரியா வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

சயின்ஸ் விஷயம் வேற. ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006ல காலேஜ் பசங்களை வெச்சு சோதிச்சாங்க. திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா நல்லா எழுதினாங்க, ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப பார்க்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தவங்கதான் முந்தினாங்க. உங்க பையன் கதை அச்சு அசல் இதுதானே? ஒரு பக்கம் படிச்சதும் புக்கை மூடிட்டு ரஃப் நோட்ல ஞாபகம் இருக்கறதை சொந்த வார்த்தைல எழுதச் சொல்லுங்க, அப்புறம் திறந்து விட்டுப்போனதை வேற கலர் பேனால சேர்க்கட்டும். அதே பாடத்தை மறுநாள் ஒரு தரம், ஞாயித்துக்கிழமை ஒரு தரம், புக்கைத் தொடாம. முதல்ல நாலு வரி தாண்டாது, கோவப்படுவான், அந்த திணறல்தான் மனசுல பதிய வைக்குது.

எழுத்தை மாத்தி மாத்தி எழுதறது, போர்டைப் பார்த்து எழுத கஷ்டப்படறதுன்னு ஏதாவது இருந்தா கண்ணையும் ஒரு தரம் செக் பண்ணிட்டு, அரசு ஆஸ்பத்திரில குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நைட்டு நீங்க வந்ததும் நோட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், முதல்ல சேர்ந்து சாப்பிடுங்க. அப்புறம் அவனே எடுத்துட்டு வந்து காட்டுவான், காட்டும்போது "இவ்ளோதானா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.