கதைப் போட்டிக்கு ராவணன் வெட்டு வேணாம் அக்கா

மகளுக்குப் பள்ளிக்கூடத்துல கதை சொல்ற போட்டி, எல்லாப் பிள்ளையளும் ராவணன் வெட்டும் கன்னியா வெந்நீர் ஊற்றும்தான் சொல்லுவாங்க, வேற திருகோணமலைக் கதை வேணும்னு கேட்டிருந்தீங்க அக்கா. என்னைக் கேட்டா கோட்டை வாசல் கல்லை எடுங்க.

கோணேசர் கோயிலுக்குப் போற நாங்க எல்லாரும் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளாலதான் போறம், மானைப் பாத்துக்கொண்டு அப்பிடியே நடந்துருவம், ஆனா அந்த வாசல் கல்லில இரட்டை மீனும் தேய்ஞ்சுபோன தமிழ் எழுத்தும் இருக்கு. குளக்கோட்டன் எண்ட அந்தக்கால ராசா கட்டின கோயிலைப் பறங்கி உடைப்பான், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன்னு ஒவ்வொருத்தனா வந்து போவான் எண்டு முன்கூட்டியே சொன்ன பாட்டாம் அது. பறங்கி எண்டது போர்த்துக்கீசர், மற்றக் கண்ணன்மார் பிறகு வந்த ஒல்லாந்தர், வெள்ளைக்காரன் எண்டு சனம் அதுக்கு அர்த்தம் சொல்லும். பிள்ளையளுக்கு அந்த மூண்டு கண்ணும் உடனே பிடிச்சிரும், அதிலயே தொடங்கச் சொல்லுங்க.

பாட்டு ஐதீகம்தான், ஆனா போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினது வரலாறு, அதை மகள் பிரிச்சுச் சொல்லோணும், நடுவர்மார் கேப்பாங்க.

முடிவுக்கு 1950ஐ வையுங்க. கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து சோமாஸ்கந்தர், அம்மன் எண்டு பழைய வெண்கலச் சிலையள் வெளிய வந்தது, இடிக்க வந்த நேரம் ஆரோ ஓடி ஓடிப் புதைச்சிருக்கிறாங்க எண்டு நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்கும்.

போட்டிக்கு முதல் ஒருக்கா வாசலடிக்குக் கூட்டிக்கொண்டு போங்க, காலமை வெயில் சரிவா விழேக்கதான் எழுத்து கொஞ்சம் தெரியும்.