நாய்க்கு மெத்தை தைக்கலாமா? கேளுங்க, சொல்கிறேன்

மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் மூன்று நாய்கள். ஒன்று கிழவி, ஒன்று நடுவயது, ஒன்று இன்னும் செருப்பைத் தின்கிற வயது. கடையில் மிஞ்சும் துணியெல்லாம் பாதிக்கு மேல் இவர்களுக்குத்தான் போகிறது. தைப்பது, அடைப்பது, துவைப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து பற்றிக் கேட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள் என்றுதான் சொல்வேன், கோபப்படக் கூடாது.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு ஒன்றரை வயது. கடையில் விற்கும் மெத்தை விலையைப் பார்த்தால் எனக்கே வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வீட்டில் மெஷின் இருக்கிறது, நேர்த்தையல் போடத் தெரியும். எங்கே ஆரம்பிப்பது?

நேர்த்தையல் தெரிந்தால் போதும், வேறு வித்தை எதுவும் வேண்டாம். முதலில் நாய் காலை நீட்டி ஒருக்களித்துத் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். சுருண்டு படுக்கும்போது அளந்தால் பாதி மெத்தைதான் வரும், நாய் தலையைத் தரையில் போட்டுக்கொண்டு தூங்கும். அந்த அளவோடு ஆறு அங்குலம் கூட்டினால் நீளம். நடுத்தர நாட்டு நாய்க்கு 30 அங்குல நீளம், 24 அங்குல அகலம் சரியாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். மெத்தை வேறு, உறை வேறு. இரண்டையும் சேர்த்துத் தைத்து மூடிவிடாதீர்கள். நான் முதன்முதலில் தைத்தது அப்படித்தான், நாலு பக்கமும் மூடி, நடுவில் பூத்தையல் எல்லாம் போட்டு, பார்க்க அவ்வளவு லட்சணம். பத்தே நாளில் நாற்றம் தாங்கவில்லை, அப்படியே தண்ணீரில் போட்டேன், மூன்று நாள் வெயிலில் கிடந்தும் உள்ளே காயாமல் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது. உறை கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு உறை இருக்க வேண்டும், ஒன்று துவைக்க, ஒன்று மாட்ட.

ஜிப் வேண்டாம், கடித்து விழுங்கும். தலையணை உறைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடும் வாய் வையுங்கள். 30க்கு 24 அளவில் மூன்று அங்குல கனமுள்ள மெத்தை என்றால் 62க்கு 35 அங்குலத் துணி வெட்டுங்கள். 35 அங்குலமுள்ள இரண்டு ஓரத்தையும் ஓர் அங்குலம் மடித்து அடியுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறுகிற மாதிரி மடியுங்கள். இப்போது மடிப்பு 27 அங்குலம் வரும். இரண்டு பக்கமும் ஓரங்குலம் விட்டு நேராக அடித்துத் திருப்பினால் உறை தயார். வாய் அடிப்பக்கம் போகட்டும். பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்து வெட்டினால் அரைப் புடவைக்கு மேல் கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான். சரிகை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மெஷினும் இல்லை, ஊசியில் நூல் கோக்கவும் வராது. எனக்கு வழி உண்டா?

உண்டு. வீட்டில் மூட்டிய கைலி இருக்கிறதா? அது ஏற்கெனவே தைத்த குழாய்தானே. உள்ளே பழைய போர்வை இரண்டை மடித்து நுழையுங்கள், இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி முறுக்கி முடிச்சுப் போடுங்கள். துவைக்க வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்த்தால் முடிந்தது. வீட்டு ஆள் கட்டிய கைலி என்றால் இன்னும் நல்லது, அந்த வாசனைக்கே குட்டி சத்தம் போடாமல் படுக்கும். புதுசாக வீட்டுக்கு வந்த குட்டிக்கு முதல் வாரம் நான் இதைத்தான் கொடுப்பேன், தைத்தது பிறகு.

கேள்வி: உள்ளே என்ன அடைக்கலாம்? இலவம்பஞ்சு நல்லதா, ஃபோம் நல்லதா?

எங்கள் பக்கம் போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சு நன்றாகக் கிடைக்கும், நானும் ஆசைப்பட்டுப் போட்டேன். லேசானது, தண்ணீரை லேசில் குடிக்காது, சூடும் ஏறாது. ஆனால் நாய் மெத்தை மேல் ஏறி நாலு சுற்றுச் சுற்றிப் பிறாண்டித்தான் படுக்கும். பஞ்சு மூலைக்கு மூலை ஒதுங்கி நடுவில் வெறும் துணி நிற்கும். உறை கிழிந்தால் வீடெல்லாம் பஞ்சு பறக்கும், அதை மூக்கிலிருந்து எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். மனிதர் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தைக் கடைகளில் வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகள் கிடைக்கும், கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். 10, 15 கிலோ நாய்க்கு மூன்று அங்குலம் போதும், லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி கனத்த நாய்க்கு நாலு. வாங்குமுன் முட்டியை ஊன்றி அழுத்திப் பாருங்கள், தரை தட்டினால் அது ஆகாது. துண்டு துணிகளை அடைப்பதும் நல்ல வழிதான், பழைய டி-ஷர்ட்டுகளைக் கையகலத்துக்கு வெட்டி அடைக்கலாம், கனம் கூடும், ஆனால் துவைக்கலாம். தெர்மாகோல் மணி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஆசை ஆசையாகத் தைத்துப் போட்டேன். என் லேப் அதை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொள்கிறது. (வேலூர்)

வேலூரில் ஏப்ரல் மாதத்தில் நானும் தரையில்தான் படுப்பேன், தம்பி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்தும், வயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டியும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதற்குப்போய் ஃபோம் மெத்தை போட்டால் அடுப்பு மேல் படுத்த மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். நல்ல சணல் சாக்கு, பிளாஸ்டிக் அரிசிப் பை அல்ல, அதில் நூல் பிரிந்து கால் விரலில் சுற்றிக்கொள்ளும்.

இன்னும் நல்லது கட்டில். தரையிலிருந்து ஆறேழு அங்குலம் உயரத்தில் சின்னதாக ஒரு சட்டம், மேலே நாடா பின்னியோ, கேன்வாஸ் இழுத்து அடித்தோ. அடியில் காற்று ஓடும், மழைக்காலத்தில் தரை ஈரமும் ஏறாது. உடைந்த மடக்குக் கட்டிலை என் வீட்டுக்காரர் பாதியாக அறுத்துக் கால் வைத்துக் கொடுத்தார், ஏழு வருடமாக ஓடுகிறது, இடையில் இரண்டு தரம் நாடா மாற்றினோம். நாய் குளிர்காலத்தில் தானே மெத்தைக்கு வரும். வந்து படுக்காவிட்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள், ஆள் நடமாட்டம் தெரியும்படி, ஆனால் காலில் மிதிபடாத மூலையாக.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி. இதுவரை மூன்று மெத்தை கிழித்தாகிவிட்டது. கெட்டியான துணி எது?

கெட்டியான துணி தேடுவதைவிடக் கிழித்தால் பரவாயில்லை என்கிற துணி தேடுங்கள். ஐந்து மாதத்தில் பல் முளைக்கிறது, ஈறு ஊறும், அது கடித்தே தீரும். ஃபோமும் பஞ்சும் இப்போது வேண்டாம், விழுங்கினால் குடலில் போய் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். மடித்த பழைய போர்வை மட்டும் போடுங்கள், நூல் நூலாகப் பிரியும் துண்டு வேண்டாம். ஏழெட்டு மாதம் ஆன பிறகு பழைய ஜீன்ஸில் தைத்துக் கொடுக்கலாம். ஜீன்ஸ் தைக்கும்போது மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், சாதா ஊசி மடிப்பில் பட்டென்று முறியும். பட்டன், ஜிப், செப்பு ரிவெட் எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: படுக்கையில் உண்ணி வந்துவிட்டது. அம்மா பாச்சை உருண்டை போட்டு வைக்கச் சொல்கிறார். போடலாமா?

போடாதீர்கள்! ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே எடுங்கள். பாச்சை உருண்டை நாய்க்கு விஷம், ஒன்றை விழுங்கினாலே ஆபத்து. மண்ணெண்ணெய் தடவுவது, மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து தெளிப்பது, இதெல்லாமும் வேண்டாம். வேப்பிலை பரப்புவதில் தப்பில்லை, ஆனால் அதனால் உண்ணி செத்ததை நான் பார்த்ததில்லை.

உண்ணி எப்போதும் நாய் மேலேயே இருப்பதில்லை. இரத்தம் குடித்துவிட்டு விழும், சுவர் இடுக்கிலும் மெத்தை மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மருந்து போட்டுவிட்டு மெத்தையை அப்படியே விட்டால் வேலை பாதிதான். தெள்ளுப்பூச்சிக்கும் இதே கதைதான், அதன் முட்டை நாய் மேலிருந்து உதிர்ந்து படுக்கையில்தான் சேரும்.

வாரம் ஒரு தரம் உறையைக் கழற்றி, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் இரண்டு பக்கமும் காயவையுங்கள். உள்மெத்தையையும் மாடியில் கொண்டுபோய்ப் போடுங்கள். படுக்கை கிடந்த மூலையில் சுவரும் தரையும் சேரும் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள், இதை யாரும் செய்வதில்லை, பிறகு மறுபடி உண்ணி மறுபடி உண்ணி என்று புலம்புவார்கள். தைக்கும்போதும் கொசுவம், சுருக்கு, பைப்பிங் எதுவும் வேண்டாம், மடிப்பு கூடக்கூட அதற்குக் குடியிருப்பு கூடும். நாய்க்குப் போட வேண்டிய மருந்து எடைக்குத் தகுந்தது, அதை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் நாய்க்குப் 13 வயது. தூக்கத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. தினமும் மெத்தையைத் துவைக்க முடியவில்லை, திட்டவும் மனசு வரவில்லை.

திட்டாதீர்கள், அதற்கே தெரியாமல் போகிறது. முதலில் மருத்துவரிடம் ஒரு தரம் காட்டுங்கள், சிலதுக்கு மருந்திலேயே சரியாகும்.

படுக்கைக்கு, தெருவில் கல்யாணத்துக்கும் கட்சிக்கூட்டத்துக்கும் கட்டுகிறார்களே பேனர், அந்த ஃப்ளெக்ஸ் துணி ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோமை அதில் பொட்டலம் மாதிரி சுற்றி டேப் ஒட்டுங்கள், சேரும் இடம் அடிப்பக்கம் இருக்கட்டும். மேலே துணி உறை, அதற்கும் மேலே மடித்த பழைய வேட்டி. நனைந்தால் வேட்டியையும் உறையையும் மட்டும் மாற்றினால் போதும், ஃபோமுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் கிழவி படுத்திருக்கும் மெத்தைக்குள் ஒரு பூப்புனித நீராட்டு விழா இருக்கிறது. விளிம்பு உயரமாக வைக்காதீர்கள், வயதான நாய் காலைத் தூக்கித் தாண்டச் சிரமப்படும். தரை வழுக்கினால் அடியில் ரப்பர் மேட் போடுங்கள்.

கேள்வி: சிப்பிப்பாறை வளர்க்கிறோம். முழங்கையில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருக்கிறது. தோல் வியாதியா? (விருதுநகர்)

பார்க்காமல் வியாதி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலும் சிமெண்ட் தரையில் படுப்பதால் வருவதுதான். சிப்பிப்பாறைக்கு எலும்பும் தோலும்தான், நடுவில் கொழுப்பே கிடையாது. நாட்டு நாய்க்குத் தரை போதும் என்கிற பேச்சு இதற்குப் பொருந்தாது. நாலு அங்குல மெத்தை போடுங்கள். காய்ப்பு வீங்கி நீர் கோத்தாலோ வெடித்தாலோ காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். மார்கழிப் பனிக்கு மேலே ஒரு போர்வையும் வேண்டும், குளிர் தாங்காது.

கேள்வி: சினையாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாரத்தில் குட்டி போடும். பெட்டி எப்படி அமைப்பது? பல்பு போட வேண்டுமா?

தாய் நீட்டிப் படுத்தும் இடம் மிஞ்சுகிற அளவுக்குப் பெரிய பெட்டி. பெட்டிக்குள்ளே, அதன் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் நாலு பக்கமும் ஒரு பைப் ஓடட்டும், தாய் சுவரில் சாயும்போது குட்டி நசுங்காமல் அந்த இடுக்கில் தப்பிக்கும். மெத்தை, பஞ்சு, தளர்ந்த போர்வை எதுவும் உள்ளே வேண்டாம், குட்டி புதைந்து மூச்சுமுட்டும். பிரசவத்தன்று செய்தித்தாள் அடுக்கு, பிறகு இறுக்கி விரித்த பருத்தித் துணி, தினமும் மாற்ற வேண்டும்.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். சமவெளியில் சித்திரை, வைகாசியில் அது தானாகவே இருக்கும், பல்பு போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல், இல்லை மார்கழி என்றால் ஒரு மூலையில் மட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், சூடு பிடிக்காத குட்டி மறுமூலைக்கு ஊர்ந்து போகும். ஆனால் பழைய குண்டு பல்பு வேண்டும். போன மழையில் ஒருவர் எல்இடி பல்பு போட்டுவிட்டு குட்டி ஏன் இன்னும் நடுங்குகிறது என்று கேட்டார். அது வெளிச்சம்தான் தரும், சூடு தராது.

கேள்வி: எங்கள் தெரு நாய்க்கு ஐப்பசி மழைக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும். டயரில் செய்கிறார்களே, நல்லதா?

நல்லது, ஒரு நிபந்தனையோடு. பஞ்சர் கடையில் பழைய டயர் வாங்கி, மேல் விளிம்பை அறுத்து, அடிப்பக்கத்தில் ஐந்தாறு ஓட்டை கட்டாயம் போடுங்கள். ஓட்டை இல்லாத டயரில் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும், சுகாதார ஊழியர் வந்து தூக்கிக்கொண்டு போவார், போக வேண்டியதும்தான். இரண்டு செங்கல் மேல் வையுங்கள், சன்ஷேடுக்கு அடியில். உள்ளே சாக்கு. துணி மெத்தை வேண்டாம், ஒரு மழையில் ஊறி நாறும். அட்டைப்பெட்டி ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்காது.

கேள்வி: நீங்கள் போன வாரம் சொன்ன கைலி மெத்தை செய்தேன் அக்கா. எங்கள் வீட்டுப் பூனை அதில் படுத்துக்கொண்டு நாயைக் கிட்டவே விடுவதில்லை. என்ன செய்வது?

இன்னொரு கைலி எடுங்கள்.