கொலஸ்ட்ரால் மாத்திரையும் மாற்று வழிகளும்: கேள்வி பதில்

எல்.டி.எல் என்பது ரத்தக்குழாயில் படியும் கெட்ட கொலஸ்ட்ரால். இங்கே அதன் எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வயது 44. எல்.டி.எல் 148. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் கிடையாது. ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை போடச் சொல்கிறார்கள். 100 பேர் சாப்பிட்டால் ஒருத்தருக்குத்தான் பலன் என்கிறார்களே, நிஜமா சார்?

பதில்: உங்களைப் போன்றவருக்கு ஏறக்குறைய நிஜம். இன்னொருவருக்குப் பெரிய தவறு. எல்.டி.எல் 39 அளவு குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் வகையறா சுமார் 22 சதவீதம் குறைகிறது. பெரிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த எண் இது. அடுத்த 10 ஆண்டில் 100-க்கு 4 பேருக்கு வரும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் அது 3 ஆகும். ஒருவர் தப்பிக்கிறார். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, 100-க்கு 30 என்ற நிலையில் இருப்பவர்களிடம் ஆறேழு பேர் தப்பிக்கிறார்கள். எல்.டி.எல் இன்னும் அதிகம் குறைந்தால் பலனும் கூடும். மாத்திரை ஒன்றுதான், எடுத்துக்கொள்பவரின் ஆபத்துதான் வேறு.

ஆகவே முதலில் உங்கள் 10 ஆண்டு ஆபத்தைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். வயது, ஆணா பெண்ணா, மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரால்), ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, இவை போதும். 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால், மூன்று மாதம் உணவைச் சரிசெய்து மறுபடி சோதிப்பது முற்றிலும் நியாயமான வழி. அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா தங்கைக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அந்தச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். லிப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாகக் கூடும் ஒருவகைக் கொலஸ்ட்ரால் துகள்) சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அது டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். உணவால் அது அசையாது.

கேள்வி: ஒல்லியான உடம்பு, எண்ணெய்ப் பண்டம் தொடுவதே இல்லை. எனக்கு எல்.டி.எல் 214, தம்பிக்கு 205. சாப்பாட்டிலேயே சரி பண்ணிவிட முடியாதா?

பதில்: இந்த அளவுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. 190-க்கு மேல், அதுவும் உடன்பிறந்தவருக்கும் இருந்தால், பரம்பரையாக வரும் வகை என்று சந்தேகிக்க வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்லைக் கல்லீரல் உள்ளே இழுக்கும் வாசல்களில் பாதி சரியாக வேலை செய்யாது. பிறந்ததிலிருந்தே ரத்தக்குழாய் அந்த அளவில் ஊறிக்கொண்டிருப்பதால், மேலே சொன்ன 10 ஆண்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. தைராய்டு குறைவா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவத்தைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவர்களையும் சோதியுங்கள்.

கேள்வி: ஸ்டாட்டின் கெமிக்கல் என்பதால் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூலுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். இயற்கையானதுதானே?

பதில்: அது பூஞ்சையால் நொதிக்க வைத்த அரிசி. அதில் வேலை செய்யும் பொருள் மோனகோலின் கே. லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையில் இருப்பதும் அதே மூலக்கூறுதான், அணு பிசகாமல். ஸ்டாட்டின் வகையே பூஞ்சையிலிருந்து வந்தது. 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சைகளைச் சோதித்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். லோவாஸ்டாட்டினுக்கு 1987-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எனவே கேப்சூலுக்கு மாறினால் ஸ்டாட்டினை விட்டதாக ஆகாது, அளவு தெரியாத ஸ்டாட்டினுக்கு மாறியதாகத்தான் ஆகும். ஒரு தயாரிப்பில் மோனகோலின் பெயருக்கு இருக்கும், இன்னொன்றில் மாத்திரை அளவுக்கு இருக்கும். நொதித்தல் சரியில்லை என்றால் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சும் சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஒரு நாள் அளவில் மோனகோலின் 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது. தசைவலி, கல்லீரல் தொந்தரவு இதிலும் வரும். இந்தக் கேப்சூலையும் ஸ்டாட்டின் மாத்திரையையும் சேர்த்துப் போடுவதுதான் மிகவும் ஆபத்து.

கேள்வி: பூண்டு, லவங்கப்பட்டை, மஞ்சள் கேப்சூல், மீன் எண்ணெய்?

பதில்: எல்.டி.எல்லுக்கு நம்ப முடியாது. 2022-இல் வெளியான ஸ்போர்ட் என்ற ஆய்வு இந்த நான்கோடு தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருள்), சிவப்பு ஈஸ்ட் அரிசி இரண்டையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடும் ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.யோடும் ஒப்பிட்டது. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்லைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தவில்லை. ஒரு மாத ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எல்.டி.எல் குறைவதாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும். சமையலில் பூண்டும் மஞ்சளும் தாராளமாக இருக்கட்டும். செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, அதில் எச்சரிக்கை தேவை.

கேள்வி: அப்படியானால் மாத்திரை இல்லாமல் எதுவுமே கேட்காதா?

பதில்: கேட்கும். ஆனால் அளவோடும் விடாமலும் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் தோற்பது அங்கேதான்.

இசப்கோல் உமி ஒரு நாளைக்கு 10 கிராம். இது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளும். புதுப் பித்தம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுவதால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்ளும். சராசரியாக 13 அளவு குறையும். முதல் வாரம் 3 கிராமில் தொடங்கி வாராவாரம் கூட்டுங்கள். முதல் நாளே 10 கிராம் போட்டால் வயிறு உப்பும், மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். 5 கிராமுக்கு 250 மி.லி. தண்ணீர் என்று கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களும் குடல் சுருக்கம் உள்ளவர்களும் இதைத் தொட வேண்டாம்.

ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற நார் நாளுக்கு 3 கிராம் சேர வேண்டும். சமைக்காத ஓட்ஸ் சுமார் 75 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டி போதாது. தாவர ஸ்டெரால் சேர்த்த உணவு நாளுக்கு 2 கிராம் ஸ்டெரால் தரும் அளவில், சாப்பாட்டோடு எடுத்தால் 8 முதல் 10 சதவீதம் குறைக்கும் என்று பழைய ஆய்வுகள் காட்டுகின்றன. மேலே சொன்ன ஸ்போர்ட் ஆய்வின் மாத்திரை வடிவில் அது தெரியவில்லை. வெண்ணெய், கொழுப்பு இறைச்சி இருந்த இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு உள்ள எண்ணெயும் பருப்பு, கொட்டை வகைகளும் வர வேண்டும். அந்த இடத்தில் மைதாவும் சர்க்கரையும் வந்தால் பலன் இல்லை. வடிதாள் இல்லாமல் கொதிக்க வைக்கும் காபியில் கஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்லை ஏற்றும், காகித வடிதாள் அதைப் பிடித்துவிடும். உடற்பயிற்சி இதயத்துக்கு மிக நல்லது, எல்.டி.எல்லை மட்டும் அது பெரிதாக இறக்காது.

நார், சோயா, கொட்டைகள், ஸ்டெரால் எல்லாவற்றையும் சேர்த்துத் தந்த ஆய்வுகளில், சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தபோது எல்.டி.எல் 28 சதவீதம் வரை இறங்கியது. வீட்டில் தாங்களே செய்தவர்களுக்கு 13, 14 சதவீதம். 148-க்கு இது போதலாம், 214-க்குப் போதாது. எல்.டி.எல் நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும். தொடங்கும் முன் இருமுறை, எட்டு வாரம் கழித்து ஒருமுறை, ஒரே ஆய்வகத்தில் சோதியுங்கள்.

கேள்வி: மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாளிலிருந்து தொடை வலி. கூகுளைப் படித்ததால் வந்த வலி என்கிறார்கள். என் வலி பொய்யா?

பதில்: வலி பொய் இல்லை. அதற்குக் காரணம் மாத்திரையா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2022-இல் 19 ஆய்வுகளின் சுமார் 1,24,000 பேர் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதத்தினரும் தசைத் தொந்தரவு சொன்னார்கள். கூடுதல் வலி பெரும்பாலும் முதல் ஆண்டில்தான். உண்மையான பாதிப்பு உள்ளவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

இரண்டு தொடையும், இடுப்பும் ஒருசேர வலித்தால் சந்தேகம் வலுக்கும். ஒரு பக்கம் மட்டும், மூட்டில், அல்லது மரத்துப்போவது என்றால் வேறு காரணம் தேடுங்கள். தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. ரத்தச் சோதனை செய்யுங்கள், அதற்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், அதுவே எண்ணை ஏற்றிவிடும். தைராய்டையும் பாருங்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாத்திரையை 2 முதல் 4 வாரம் நிறுத்தி, தினமும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். பிறகு மறுபடி தொடங்கி அதேபோல் எழுதுங்கள். நிறுத்தியபோது போய், தொடங்கியதும் திரும்பி வந்தால் மாத்திரைதான் காரணம் என்று கொள்ளலாம். அப்போதும் வழி இருக்கிறது: வேறு ஸ்டாட்டின் குறைந்த அளவில், ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள், ஸ்டாட்டின் அல்லாத மாத்திரைகளான எசெட்டிமைப் 10 மி.கி., பெம்பிடோயிக் அமிலம் 180 மி.கி. கடைசியில் சொன்னது கல்லீரலில்தான் செயல்படும் வடிவத்துக்கு மாறும், தசையில் மாறாது. ஆனால் யூரிக் அமிலத்தைக் கூட்டும்; கவுட் (யூரிக் அமில மூட்டுவலி) உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கை கால் தளர்ந்து, சிறுநீர் கறுத்துப் போனால் எதையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் வருமாமே?

பதில்: கொஞ்சம் கூடும். 255 பேர் நான்கு ஆண்டு எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்களுக்கு. தொடங்கும் முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்துவையுங்கள்.

கேள்வி: வேறு மருந்தோடு சேர்ந்தால் பிரச்சினை வருமா?

பதில்: சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தும் கூடவே கூடாது, ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவை ஏற்றிவிடும். அந்த நாட்களில் ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அடோர்வாஸ்டாட்டினுக்கும் எச்சரிக்கை தேவை. கிரேப்ஃப்ரூட் சாறும் இதே வேலையைச் செய்யும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

கேள்வி: மாத்திரையில் எல்.டி.எல் 162-லிருந்து 84 ஆகிவிட்டது. குணமாகிவிட்டதே, இனி விடலாமா ஐயா?

பதில்: 84 மாத்திரை இருக்கும்வரைதான். விட்டால் சில வாரங்களில் 162-க்கே போய்விடும். உணவை உறுதியாக மாற்றியிருக்கிறீர்கள், ஆபத்தும் குறைவு என்றால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்தி, எட்டு வாரம் கழித்துச் சோதித்து, வந்த எண்ணோடு மறுபடி அவரிடமே போங்கள்.