மழைக்கோட்டும் டென்ட்டும் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "நாலு வருடம் முன்பு வாங்கிய ட்ரெக்கிங் ஜாக்கெட் இப்போது சாதாரணச் சட்டை போல நனைகிறது. டென்ட்டும் அப்படித்தான். சரிசெய்ய வழி உண்டா, புதிது வாங்கத்தான் வேண்டுமா?"

ஜாக்கெட்டைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம், சில சமயம் பைசா செலவில்லாமல். டென்ட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

நான் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் வண்டியில் போய் வருகிறவன். வருடத்தில் ஓரிரு முறை ஏலகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று நண்பர்களோடு கிளம்புவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஜாக்கெட். அதனால் இந்தத் தலைவலி எனக்கு நன்றாகவே பழக்கம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஜாக்கெட்டின் தோள் பகுதியை ஒரு டம்ளர் வாயின் மேல் கொஞ்சம் குழிவாக விரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அந்தக் குழியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். சேப்பங்கிழங்கு இலையில் விட்ட மாதிரி தண்ணீர் முத்தாக உருண்டு நின்றால் துணி நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் நனைந்தது வேறு காரணத்தால். தண்ணீர் பரவி, துணியின் நிறம் கருத்து, ஆனால் அடிப்பக்கம் தொட்டால் காய்ந்தே இருந்தால் மேற்பூச்சு மட்டும் போயிருக்கிறது. அடிப்பக்கமும் ஈரம், டம்ளருக்குள் சொட்டு என்றால் உள்படலமே போய்விட்டது. பெரும்பாலான ஜாக்கெட்டுகள் நடுவில் சொன்ன ரகம்தான்.

பலருக்கும் இங்கேதான் குழப்பம். இந்த ஜாக்கெட்டுகளில் மழையைத் தடுப்பது வெளியே தெரியும் துணி இல்லை. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் தடுக்கிறது. கோர்-டெக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுவும் அப்படி ஒரு படலம்தான். 1969-இல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் வகைக் கம்பியை மெதுவாக இழுத்துப் பார்த்து அலுத்துப்போய், வெடுக்கென்று ஒரு இழு இழுத்ததில் கிடைத்தது. நீராவி போகும், நீர்த்துளி போகாது, அவ்வளவு சின்னத் துளைகள். வெளித்துணியில் இருப்பது வேறொன்று: கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. துணியோடு வரும் அட்டையில் டி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருக்கும். துணி தண்ணீரை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது போனால் வெளித்துணி ஊறிக் கனக்கும். உள்படலத்தின் மேல் தண்ணீர்ப் போர்வை விழுந்த மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் வேர்வை ஆவி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தண்ணீராகும். நாம் "ஒழுகுது" என்று சொல்வோம். உண்மையில் அது நம்முடைய சொந்த வேர்வை.

அந்தப் பூச்சைக் கெடுப்பது மழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் அப்படி இல்லை. வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மற்ற மாதங்களில் ஜாக்கெட் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. கெடுப்பவை மூன்று: கழுத்துப்பட்டியிலும் தலைமூடியிலும் ஏறும் தேங்காய் எண்ணெய், வேர்வை உப்பு, பஸ்ஸுக்குப் பின்னால் சிக்னலில் நிற்கும்போது படியும் புகைக்கரி. உங்கள் ஜாக்கெட்டின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

பழைய ஜாக்கெட்டுகளின் பூச்சில் ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருந்தன. அவை தண்ணீரை மட்டுமல்ல, எண்ணெயையும் விரட்டும். ஆனால் அந்தக் குடும்பத்துச் சரக்கு மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடுகிறது. அதில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் (இப்படிச் சிதையாமல் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) தடைப் பட்டியலில் சேர்ந்தது. கம்பெனிகளும் படிப்படியாக விலகிவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் இப்போது வரும் ஃப்ளோரின் இல்லாத பூச்சு தண்ணீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. நம் ஊர்த் தலைக்கு இது பெரிய வித்தியாசம். புது ஜாக்கெட் என்றால் பழையதைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். "துவைச்சா பூச்சு போயிடும்" என்று மூன்று வருடம் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆக, முதல் வைத்தியம் துவைப்பதுதான். ஸ்ப்ரே, கெமிக்கல் எல்லாம் அப்புறம். அழுக்கின் மேல் அடித்த ஸ்ப்ரே அழுக்கில்தான் ஒட்டும்.

துவைப்பதில்தான் எங்கள் வீட்டில் கோட்டைவிட்டோம். ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது அம்மா ஜாக்கெட்டை மெஷினில் போட்டு, தாராளமாகக் கண்டிஷனரும் ஊற்றிவிட்டார். "டேய், அது என்ன நாத்தம் நாறுச்சு தெரியுமா, இப்ப மோந்து பாரு" என்று பெருமையாகக் காட்டினார். மல்லிகை வாசனை. அடுத்த மழையில் பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் தோள் முழுக்க ஊறிவிட்டது. கண்டிஷனர் நூலின் மேல் ஒரு வழவழப்பான படிவை விட்டுவிடும். துணி தண்ணீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். சாதாரண வாஷிங் பவுடரும் சரியாக அலசாவிட்டால் அதே வேலையைத்தான் செய்யும். அழுக்கைத் தண்ணீரோடு சேர்த்துவைக்கத்தானே சோப்பு. அது துணியில் தங்கினால் துணியையும் தண்ணீரோடு சேர்த்துவைக்கும்.

இதற்கென்றே நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்ற கம்பெனிகளின் துவைக்கும் திரவங்கள் இருக்கின்றன, ஆன்லைனில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ப்ளீச், கண்டிஷனர் கலக்காத லிக்விட் சோப்பு கொஞ்சமே கொஞ்சம். மெஷினில் பவுடர் போடும் தட்டை முதலில் கழற்றிக் கழுவுங்கள், பழைய கண்டிஷனர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடிவிட்டு 30 டிகிரியில், மெதுவான சுற்றில். கழுத்துப்பட்டியை மட்டும் முன்கூட்டியே கையால் தேய்த்துக்கொள்ளலாம். பிறகு இரண்டு மூன்று தடவை அலசல். வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலையாவது மெட்ரோ தண்ணீரில் செய்யுங்கள். கடின நீரும் சோப்பும் சேர்ந்தால் வரும் வெள்ளைப் படிவு துணியில் உட்கார்ந்துவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேமித்து வைத்திருப்போமே, அது வேண்டவே வேண்டாம். உப்பு அதில்தான் அதிகம்.

அடுத்தது சூடு. பூச்சின் மூலக்கூறுகள் நிமிர்ந்து நின்றால்தான் தண்ணீர் உருளும். உரசலிலும் மடிப்பிலும் அவை படுத்துவிடும். மிதமான சூடு பட்டால் மறுபடி எழும். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் "ட்ரையரில் 20 நிமிடம் போடு" என்கின்றன. நம் வீடுகளில் ஏது ட்ரையர்? மொட்டைமாடி வெயில் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. போதாதது மட்டுமில்லை, அந்த வெயிலின் புற ஊதா நைலானை இற்றுப்போகச் செய்துவிடும். நிழலில் காயப்போட்டு, பிறகு இஸ்திரிப் பெட்டியை இருப்பதிலேயே குறைந்த சூட்டில், ஆவி இல்லாமல் வைத்து, இடையில் பழைய வேட்டித் துணி ஒன்றைப் போட்டு மெதுவாக நகர்த்துங்கள். லேபிளில் இஸ்திரி கூடாது என்று குறி இருந்தால் ஹேர் ட்ரையர், கொஞ்சம் பொறுமை.

தெருமுனை இஸ்திரி வண்டியில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். "அண்ணா, லேசா தேய்ங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன். கரிப் பெட்டிக்கு லேசு ஏது? இடது கையில் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, பளபளவென்று ஆகிவிட்டது. அவர்மேல் தப்பில்லை, வேட்டி சட்டை தேய்க்கிற சூட்டில் நைலானைக் கொடுத்தது நான்.

துவைத்துச் சூடு காட்டிய பிறகு மறுபடி டம்ளர் சோதனை. என் அனுபவத்தில் பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். குடைக்கும் இதே கதைதான், ஹேர் ட்ரையர் ஐந்து நிமிடம் காட்டினால் பழைய குடை மறுபடி தண்ணீரை உதறும்.

அப்படியும் ஊறினால்தான் புதுப் பூச்சு. இரண்டு வகை: மெஷினில் ஊற்றுவது, ஸ்ப்ரே அடிப்பது. ஊற்றுவது உள்பக்க லைனிங்கிலும் ஏறிவிடும். வேர்வையை உறிஞ்ச வேண்டிய லைனிங்கும் வேலைநிறுத்தம் செய்யும். அதனால் நான் ஸ்ப்ரே கட்சி. துவைத்த ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டி, தோள், தலைமூடி, முன்கை, பையின் பட்டை உரசும் இடங்களில் கூடுதலாக அடித்து, இரண்டு நிமிடம் கழித்து வழிவதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பால்கனியில் செய்யுங்கள், மூடிய அறையில் வேண்டாம். பாட்டில் மலிவில்லை, அந்த விலைக்குச் சாலையோரத்தில் ஒரு ரெயின்கோட்டே வாங்கிவிடலாம்.

சாலையோரக் கோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. வழவழவென்று, உள்ளே ரப்பர் மாதிரி இருக்கிற பி.வி.சி. கோட்டுக்கு இந்த வைத்தியம் எதுவும் இல்லை. அதில் மேற்பூச்சு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒழுகினால் தையலில்தான் ஒழுகும், குறிப்பாகப் பேண்டில் உட்காரும் இடத்தில். தண்ணீர் அங்கே குளம்போலத் தேங்கி, நம் எடையும் அழுத்தி, தையல் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிடும். ஆபீஸில் நாற்காலியை ஈரமாக்கியவர்கள் அறிவார்கள். தையலின் உள்பக்கம் சீம் சீலர், அதாவது தையல் ஓட்டையை அடைக்கும் பசை, தடவினால் ஒரு சீசன் தாங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவும் செய்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். "மூச்சுவிடும்" ஜாக்கெட் எல்லாமே உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் வெளிக்காற்றின் ஈரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வேலை செய்கின்றன. குளிர்ந்த மலையில் அந்த வித்தியாசம் அதிகம். நவம்பர் மழையில் 25 டிகிரியில் ஊரே ஊறிக் கிடக்கும்போது வெளியேயும் கிட்டத்தட்ட அதே ஈரம்தான். பூச்சு புத்தம் புதிதாக இருந்தாலும் சென்னையில் உள்ளே கசகசக்கும். அக்குள் ஜிப் இருந்தால் திறந்துவிடுங்கள்.

இப்போது டென்ட். விரித்து, உள்பக்கத்தை மோந்து பாருங்கள். புளித்த வாந்தி மாதிரி நாற்றம் அடிக்கிறதா? தொட்டால் பிசுபிசுக்கிறதா? பொடுகு மாதிரி வெள்ளைச் செதில் உதிர்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் உள்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துகொண்டிருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்து அதன் சங்கிலியை அறுத்துவிடும். மேல்மாடி வீட்டுப் பரண் இதற்கென்றே செய்த அடுப்பு. ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்துவைத்தால் கேட்கவே வேண்டாம். டென்ட்டில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணியின்மேல் அத்தனை உயர நீர்த்தூண் நின்றாலும் ஒழுகாது என்று பொருள். அந்தப் பலம் முழுக்க இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. வெளியே எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் அது திரும்பாது.

நாற்றம் இல்லை, வெளிப்பக்கம் மட்டும் ஊறுகிறது என்றால் கவலையில்லை. மொட்டைமாடி நிழலில் விரித்து, ஸ்பாஞ்சால் துடைத்து, டென்ட்டுக்கான ஸ்ப்ரே அடித்தால் போதும். மெஷினில் போடக் கூடாது, தையல் டேப் பிரிந்துவிடும்.

பூச்சு சிதைந்ததை மீட்கவும் வழி இருக்கிறது. வெந்நீரும் சோப்பும், அடங்காத இடத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்துப் பழையதை முழுசாக உரித்து எடுத்து, காயவைத்து, புதுப் பாலியூரித்தேன் பூச்சைத் தூரிகையால் தடவ வேண்டும். சிலிக்கான் பூசிய டென்ட் என்றால் சரக்கு வேறு: சுத்தமான சிலிக்கான் சீலண்டை பெயிண்ட் கரைக்கப் பயன்படும் மினரல் டர்பன்டைனில் பால் பதத்துக்குக் கரைத்துத் தடவி, காய்ந்ததும் ஒட்டாமலிருக்க முகப் பவுடர் தூவுவார்கள். எது எது என்று எப்படித் தெரியும்? தையலின்மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன். சிலிக்கானில் அந்த டேப் ஒட்டாது.

மெழுகு தேய்க்கலாமே, படிகாரம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். சோப்பில் ஊறவைத்துப் பிறகு படிகாரக் கரைசலில் முக்குவது பருத்திக்கான பழைய முறை, கான்வாஸ் பைக்கு நன்றாகவே வேலை செய்யும். மெழுகும் அப்படியே. மூச்சுவிடும் ஜாக்கெட்டில் தேய்த்தால் அதன் மூச்சு நின்றுவிடும்.

என் டென்ட்டை நான் மீட்கப் பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உரித்தும் பாதிகூட வரவில்லை. மேல் விரிப்பு இப்போது வண்டிக்கு உறை. வலைத் துணியில் ஆன உள்கூடாரத்தை அம்மா எடுத்துக்கொண்டார். மார்ச் மாதம் மொட்டைமாடியில் அதை நிறுத்தி, உள்ளே வடாம் பிழிந்து வைக்கிறார். காக்காய் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே போக முடியவில்லை.