அதிகாரி யாருக்குப் பதில் சொல்கிறார்?

கேள்வி: சுதந்திரம் கிடைத்து 75 ஆண்டுகள் தாண்டியும், இந்தியாவில் அரசு அலுவலகத்துக்குப் போகும் சாதாரண மனிதர் ஏன் இன்னும் கைகட்டி நிற்கிறார்?

லஞ்சம், மெத்தனம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்த அதிகாரி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே இருப்பவருக்குப் பதில் சொல்லத்தான் அவரைப் பழக்கியிருக்கிறோம், எதிரே நிற்பவருக்கு அல்ல.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஒருமுறையாவது ஜமாபந்திக்கு, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் நிலவரிக் கணக்குத் தணிக்கைக்குப் போய்ப் பாருங்கள். மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல், சிட்டா என்ற நிலப் பதிவேடுகள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நில அளவைச் சங்கிலியைக்கூட அதிகாரி சரிபார்ப்பார். கணக்கு இன்றும் ஜூலை 1-ல் தொடங்கும் பசலி என்ற பழைய வருவாய் ஆண்டில்தான். அப்பா பெயரில் இருந்த பட்டாவை மாற்ற நானும் மனுவோடு போயிருக்கிறேன். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் மனு கொடுக்க வந்தவர்கள் பந்தல் ஓரத்தில் நின்றோம், மேசையெல்லாம் கணக்குகளுக்கு. நிலவரிக் கணக்கை முடிக்க ஏற்பட்ட முறை அது. அதன் கண் இன்னும் கணக்கின் மேலேயே இருக்கிறது.

1947-ல் ஏன் இதையெல்லாம் மாற்றவில்லை என்று கேட்பவர்கள் அன்றைய நிலைமையையும் பார்க்க வேண்டும். பிரிவினை, அகதிகள், உணவுத் தட்டுப்பாடு, 500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களின் இணைப்பு. ஆங்கிலேயர் காலத்து ஐசிஎஸ் (இந்தியக் குடிமைப் பணி) அதிகாரிகள் இல்லாமல் நாட்டை ஒன்றாக வைத்திருக்க முடியாது என்று படேல் 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார். அதில் நியாயம் உண்டு. ஆபத்துக் காலத்து ஏற்பாடு நிரந்தரமாகிப் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவர 2013 வரை ஆயிற்று.

மாற்ற முடியாது என்றும் இல்லை. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு, ஊரின் நிலக் கணக்கையும் வரிவசூலையும் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அதுவரை ஊரின் நிலக் கணக்கு பெரும்பாலும் ஒருசில குடும்பங்களின் கையில்தான் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையில்கூட உட்கார முடியாத சாதிக்காரர், தன் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரிடம் போவார்? நீக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-ல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாட்டின் வளர்ச்சி பற்றிப் பேசும்போது சத்துணவைச் சொல்லுகிறோம், இதை ஏனோ விட்டுவிடுகிறோம்.

அப்புறம் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள் 1990-களில் தங்கள் வேலையின் வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் போராடினார்கள், அந்தச் சட்டத்துக்கு அது பெரிய உந்துதலாக இருந்தது. அலுவலகக் கோப்பைக் கேட்டுப் பார்க்கும் உரிமை முதல்முறையாக, ஜம்மு காஷ்மீர் நீங்கலாக, நாடு முழுவதும் கிடைத்தது.

ஆனால் பாதியில் நின்றுபோனது ஊராட்சி. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. கேரளம் 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. தமிழ்நாட்டிலோ 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்கீழ், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை நீக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. விசாரணை நடைமுறை உண்டு, சரி. ஆனாலும் வாக்கு வாங்கியவர் நியமிக்கப்பட்டவருக்குக் கீழேதான். 2016 முதல் 2019 வரை ஊரக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் அதே ஏற்பாடுதான்.

சட்டமன்றத்துக்கு இப்படி ஓராண்டு தேர்தல் தள்ளிப்போனால் நாடே கொந்தளித்திருக்கும். ஊராட்சிக்கு மட்டும் நாம் ஏன் சும்மா இருக்கிறோம்? என்னைக் கேட்டால் முதல் வேலை அந்த 205-ஐத் திருத்தி, நீக்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் கொடுப்பதுதான். குடிநீர்க் குழாய் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அப்போது ஊருக்குள்ளேயே ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.