போலிக் கடிகாரமும் தொங்கி நிற்கும் டெஸ்டும்

அன்புள்ள ஐயா,

சர்வர் பதில் தராவிட்டால் 1, 2, 4 விநாடிகள் இடைவெளி விட்டு மறுபடி முயலும் ஃபங்ஷன் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன். நான்காவது முயற்சியும் தோற்றால் பிழையை வெளியே எறியும். உண்மையாகவே காத்திருந்தால் ஒரு டெஸ்டுக்கு 7 விநாடிகள் ஆகின்றன. அதனால் ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியில், நாமே நகர்த்தக்கூடிய போலி டைமரைப் போட்டு, கடிகாரத்தை 7 விநாடிகள் முன்னே தள்ளினேன். முதல் முயற்சி மட்டும் நடக்கிறது. பிறகு டெஸ்ட் அப்படியே தொங்கி, நேரம் கடந்து தோற்கிறது. உடன் வேலை செய்பவரோ, போலி நேரத்தில் சோதிப்பதே ஏமாற்று வேலை என்கிறார். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் டெஸ்ட் ஏன் தொங்குகிறது என்று பார்ப்போம். போலி டைமர் செட்டைம்அவுட் (சொன்ன நேரம் கழித்து ஒருமுறை ஓடுவது), செட்இன்டர்வெல் (அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடுவது), டேட் (இப்போதைய நேரம்) ஆகியவற்றைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. பின்னால் வரப்போகும் பதிலுக்கான வாக்குறுதியான ப்ராமிஸை அது தொடுவதில்லை. உங்கள் முதல் முயற்சி தோற்ற செய்தி ப்ராமிஸ் வழியாக வருகிறது. அதாவது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வரிகள் முடிந்த பிறகுதான் வரும். நீங்களோ அடுத்த வரியிலேயே கடிகாரத்தைத் தள்ளிவிட்டீர்கள். அந்த நொடியில் 1 விநாடி டைமர் பதிவாகவே இல்லை. பயணி நிலையத்துக்குள் நுழையுமுன் ரயில் போய்விட்டது. அதன் பிறகு பதிவாகும் டைமர் போலிக் கடிகாரத்தின் 8ஆவது விநாடிக்காகக் காத்திருக்கிறது. கடிகாரத்தை இனி யாரும் தள்ளப்போவதில்லை. ஜெஸ்டின் வழக்கமான 5 விநாடிக் கெடு மட்டும் உண்மையான கடிகாரத்தில் ஓடி உங்களைத் தோற்கடிக்கிறது.

ஜெஸ்ட் 29.5 முதல் அட்வான்ஸ்டைமர்ஸ்பைடைம்அசிங்க் என்ற நீளமான பெயரில் இதற்கு வழி இருக்கிறது. அது ஒவ்வொரு டைமருக்கும் இடையே நின்று, காத்திருக்கும் ப்ராமிஸ்களை ஓடவிட்டு, பிறகே அடுத்ததற்குப் போகும். அதை அவெயிட் செய்து (முடியும்வரை காத்திருந்து) 7,000 மில்லிவிநாடிகள் தள்ளுங்கள். நான்கு முயற்சிகளும் நடக்கும். ஒரு எச்சரிக்கை: பிழை வரவேண்டும் என்று சரிபார்க்கும் எக்ஸ்பெக்ட் வரியைக் கடிகாரத்தைத் தள்ளுவதற்கு முன்பே எழுதி ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளி முடித்தபின் அந்த மாறியை அவெயிட் செய்யலாம். இல்லாவிட்டால் பிழை பிறக்கும்போது அதைப் பிடிக்க ஆள் இருக்காது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் அதைக் கவனிக்கப்படாத பிழை என்று சொல்லி வேறு இடத்தில் கத்தும்.

கோ என்ற நிரல்மொழிக்காரர்கள் இதை இன்னும் அழகாகச் செய்திருக்கிறார்கள். 2025இல் வந்த 1.25 பதிப்பின் சிங்க்டெஸ்ட் என்ற சோதனைத் தொகுப்பில், எல்லா கோரூட்டீன்களும் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகள்) காத்திருப்பில் முடங்கினால் கடிகாரம் தானே அடுத்த டைமருக்குத் தாவிவிடும். தள்ளும் வேலையே கிடையாது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உங்கள் உடன் வேலை செய்பவர் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கவில்லை. நோட்டுக்கு 4 விநாடிகளை எண்ணத் தெரியுமா என்று சோதிப்பது உங்கள் வேலையல்ல. சரியான இடைவெளியைக் கேட்டீர்களா என்பதே கேள்வி. நிஜமாகத் தூங்கவைக்கும் டெஸ்ட், சுமை ஏறிய கணினியில் ஒரு நாள் வெல்லும், ஒரு நாள் தோற்கும்.

ஆனால் ஓர் இடத்தில் அவர் சொல்வது சரி. போலிக் கடிகாரத்தில் டைமர் நொடி பிசகாமல் வந்து நிற்கிறது. உலகத்தில் அப்படி இல்லை. செட்டைம்அவுட் தரும் உறுதி 'இதற்கு முன்னால் வரமாட்டேன்' என்பது மட்டும். பின்னணிக்குப் போன தாவலில் குரோம் டைமர்களை விநாடிக்கு ஒன்றாகக் குறைக்கிறது. 2021இல் வந்த 88ஆம் பதிப்பு முதல், 5 நிமிடங்களுக்கு மேல் மறைந்திருக்கும் பக்கங்களில் சில நிபந்தனைகளோடு நிமிடத்துக்கு ஒன்று வரை குறைத்துவிடுகிறது. 30 நிமிட ஆன்லைன் தேர்வுக்கு, விநாடிக்கு ஒன்றைக் கழித்துக்கொண்டே போகும் கவுண்ட்டவுன் எழுதியிருந்தால், போலி டைமரில் அது அத்தனை டெஸ்டிலும் தேறும். மாணவர் தாவலை மாற்றினாலோ தேர்வு நேரம் நீண்டுவிடும்.

இதையும் போலிக் கடிகாரத்தை வைத்தே பிடிக்கலாம். ஜெஸ்டின் செட்சிஸ்டம்டைம், டைமர் எதையும் கிளப்பாமல் தேதியை மட்டும் நகர்த்தும். தேர்வைத் தொடங்குங்கள், தேதியை 10 நிமிடங்கள் முன்னே வையுங்கள், பிறகு டைமரை 1 விநாடி தள்ளுங்கள். திரையில் 19:59 வரவேண்டும். 29:59 வந்தால் நிரல் டைமர் அடித்த தடவைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. முடிவு நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிக்கும்படி மாற்றி எழுதுங்கள்.

கவுண்ட்டவுனைச் சோதிக்கும்போது, எல்லா டைமர்களையும் தீரும்வரை ஓட்டும் ரன்ஆல்டைமர்ஸ் வேண்டாம். செட்இன்டர்வெல் நிறுத்தப்படாத வரை அதற்கு முடிவே இல்லை. ஒரு லட்சம் டைமர்களை ஓட்டிப் பார்த்துவிட்டு ஜெஸ்ட் கைவிடும். இப்போது காத்திருப்பவற்றை மட்டும் ஓட்டும் ரன்ஒன்லிபெண்டிங்டைமர்ஸ் போதும்.