பழைய சோபாவா, பினாங்குப் பயணமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆண்டிறுதி போனஸில் புதிய சோபா வாங்க எண்ணியிருக்கிறேன். இப்போதுள்ளது உறை நைந்து, நடுவில் குழிந்துவிட்டது. என் தாயார் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே சிரமப்படுகிறார். மனைவியோ, பொருளைவிட அனுபவமே அதிக மகிழ்ச்சி தரும் என்று ஆய்வாளர்கள் கண்டிருப்பதாகச் சொல்லி, அந்தப் பணத்தில் டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு பினாங்கு போய்வரலாம் என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், ஈசூன்

பதில்: ஆய்வைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வது சரி. வான் போவன், கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், மகிழ்ச்சிக்காக வாங்கிய ஒரு பொருளையும் காசு செலவழித்துப் பெற்ற ஓர் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி பலரைக் கேட்டு, அனுபவமே கூடுதல் மகிழ்ச்சி தந்ததாகச் சொன்னவர்களே அதிகம் என்று 2003ஆம் ஆண்டில் எழுதினார்கள். சோபா இரண்டே மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். எதிர்வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்திறங்கினால் இருக்கிற மதிப்பும் போய்விடும். பயணத்தை அப்படி அருகருகே வைத்து அளப்பது எளிதன்று. புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. திரும்பிய பிறகும், படகில் பிள்ளைக்குக் குமட்டியது, பாட்டி பேரம் பேசி ஜாதிக்காய் வாங்கியது என்று கதை நீள்கிறது. பாதி இன்பம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆயினும், இந்த முடிவு எல்லா வீடுகளுக்கும் பொருந்துவதில்லை. வருமானமும் கல்வியும் குறைந்தவர்களுக்குப் பொருளும் அனுபவத்திற்கு நிகரான, சில வேளைகளில் அதைவிடக் கூடுதலான மகிழ்ச்சியைத் தருவதாக 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. குளிர்பதனப் பெட்டி ஓடாத வீட்டில் சுற்றுலாவைப் பற்றிப் பேசினால் யார் ரசிப்பார்கள்?

உங்கள் கடிதத்தில் தாயாரைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழிந்த இருக்கையில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுவதால், வயதானவர் உடல் எடை முழுவதையும் கையை ஊன்றித் தூக்கியாக வேண்டும். அவருக்குத் தேவை உயரமான, கெட்டியான இருக்கையும் கைப்பிடியும் உள்ள ஒரு நாற்காலி. அதை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். நைந்த சோபாவுக்கு உறை மாற்றினால் இன்னும் ஓராண்டு தாங்கும். மிச்சப் பணத்தில் பினாங்கு போய்வாருங்கள்.

பயணச் செலவை முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. பிரெலெக், லோவன்ஸ்டைன் ஆகியோர் 1998ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின்படி, துணி துவைக்கும் இயந்திரத்தை வாங்கிய பிறகே அதற்குத் தவணை கட்ட விரும்பும் மக்கள், விடுமுறைப் பயணத்திற்கு மட்டும் முன்னதாகவே பணம் கட்டிவிட விரும்புகிறார்கள். ஜனவரியில் கடன்பற்று அட்டைக் கட்டணம் வந்து நிற்கும் என்ற நினைப்போடு எந்தக் கடற்கரையில் உட்கார்ந்தாலும் மனம் அதில் இருக்காது.

கேள்வி: ஓர் அளவுக்கு மேல் சம்பளம் உயர்ந்தாலும் மகிழ்ச்சி உயராது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிறைவு மேலும் கூடுவதில்லை என்று கானமன், டீட்டன் ஆகியோர் 2010ஆம் ஆண்டில் எழுதியதே இதற்கு மூலம். ஆனால், கில்லிங்ஸ்வர்த் என்பவர் 2021ஆம் ஆண்டில் அதற்கு மாறான முடிவை வெளியிட, கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் சேர்ந்து ஆராய்ந்து, ஏற்கெனவே மகிழ்ச்சி குன்றியிருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டுமே அத்தகைய எல்லை உண்டு என்று 2023ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். மற்றவர்களுக்கு உயர்வு தொடர்கிறது, ஆனால் விகிதப்படி: 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு 200 வெள்ளி தரும் நிறைவை 10,000 வெள்ளி வாங்குபவருக்குத் தர 1,000 வெள்ளி வேண்டும்.